நாற்பது சதவீதம் சாம்பல் நிறம்

லிண்டன்பாக் என்கிற ஜெர்மன் நகரத்தில் யூதர்கள் வாழ்ந்ததற்கு முதல் எழுத்துச் சான்று ஒரு புகார். கும்ப்ரெக்ட் என்கிற யூதனின் ஆடு நகர எழுத்தரின் தோட்டத்துக்குள் புகுந்து முட்டைக்கோஸைத் தின்றுவிட்டது என்று அறுநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். ஆட்டுக்கு என்ன ஆனது, கும்ப்ரெக்டுக்கு என்ன ஆனது என்று ஏட்டில் இல்லை. ஆனால் தேதி இருக்கிறது. தேதி இருந்தால் விழா எடுத்தே தீர வேண்டும் என்பது எங்கள் நகராட்சியின் கொள்கை.

நான் இந்த ஊர் யூத சபையின் செயலாளர். பெயர் யெஃபிம், எல்லாருக்கும் ஃபீமா. முன்பு ட்னீப்ரோவில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே தபால் பிரிக்கிறேன். சபையில் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அநேகமாக எல்லாருமே தொண்ணூறுகளில் ரஷ்யமொழி பேசும் ஊர்களிலிருந்து சூட்கேஸோடு ரயிலில் வந்து இறங்கியவர்கள், அல்லது அவர்கள் பெற்ற பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இந்த ஊரின் பழைய யூதர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை. அவர்கள் ஏன் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

நகராட்சியின் கடிதம் ஜனவரியில் வந்தது. அனுப்பியது நினைவுப் பண்பாட்டு அலுவலகம். நான்கு பக்கம். இரண்டு முறை படித்துவிட்டு, புரியாமல், கீழ்த்தளத்துக்கு எடுத்துப் போனேன். அங்கேதான் கொதிகலனுக்குப் பக்கத்து அறையில் ரிம்மா ஷுஸ்தர்மான் ஞாயிறு வகுப்பு நடத்துகிறார்.

ரிம்மாவுக்கு எழுபத்தொரு வயது. செர்னிவ்ட்சியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்கு இருபது வருஷம் டப்பா லேபிள் வரைந்தவர். அவருக்கு ஜெர்மன் பாடம் நடத்துகிற அளவுக்கு வராது. பிள்ளைகளுக்கு ரஷ்யமொழி பாடம் கேட்கிற அளவுக்கு வராது. ஆகவே, பழைய சுவர்த்தாள் சுருளைத் திருப்பிப்போட்டுத் தரையில் விரித்துவிடுவார். ஒன்பது பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஆபிரகாமின் ஒட்டகத்துக்கு ஒருத்தி முன்பாதி வரைவாள், இன்னொருத்தன் பின்பாதி வரைவான், நடுவில் சேரும்போது ஐந்து கால் இருக்கும். ஐந்தாவது கால் யாருடையது என்று சண்டை வரும். சண்டை முடிவதற்குள் ஆபிரகாம் எங்கிருந்து எங்கே போனார், ஏன் போனார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இப்படியே பாபிலோன், ஸ்பெயின், போலந்து என்று நான்கு சுருள் தீர்ந்திருந்தது.

ரிம்மா கடிதத்தைக் கண்ணாடி போடாமல் பார்த்தார், பிறகு போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னை என்னதான் பண்ணச் சொல்றாங்க ஃபீமா?"

"நீ வழக்கமாப் பண்றதைத்தான். ஆனா அதுக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க."

கூட்டுக் கலைவழி வரலாற்றுக் கற்றல் என்பது அந்தப் பேர். நகர நூலகத்தின் பின்சுவரில் பதினான்கு சதுரங்கள். எங்கள் பிள்ளைகளும் நகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து இந்த ஊர் யூதர்களின் அறுநூறு வருஷத்தை அதில் வரைய வேண்டும். படித்து முடித்தபோது ரிம்மாவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷத்தில் அவரை இந்த ஊரில் யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

முதல் கூட்டத்துக்கு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் வைக்மான் ஒல்லியான, மிகப் பணிவான மனிதர். எங்கள் வாசலுக்குள் நுழைந்தது முதல் துக்க வீட்டில் பேசுகிற குரலில்தான் பேசினார். கழிவறை எங்கே இருக்கிறது என்றுகூட அந்தக் குரலில்தான் கேட்டார். கூட வந்தவர் டாக்டர் ஹாஸல்பிரிங்க், உணர்வுத் துணையாளர். வரலாற்றைத் தொடும்போது பிள்ளைகளுக்கு என்னென்ன உணர்வு வர வேண்டும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவர் துறை.

அவர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். வரைவதற்கு முன்னால் ஒன்று, வரைந்த பிறகு ஒன்று நிரப்ப வேண்டும். தாளில் ஐந்து முகங்கள் அச்சாகியிருந்தன. முதல் முகம் கொஞ்சம் சோகமாக இருந்தது. ஐந்தாவது தாங்க முடியாத சோகத்தில் இருந்தது. எங்கள் பிள்ளைகளில் ஸ்லாட்டா என்று ஒன்பது வயதுக்காரி, முன்பல் இரண்டு பெரிதாக இருக்கும். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"நான் நல்லாத்தானே இருக்கேன், அதுக்கு எந்த மூஞ்சி?" என்று கேட்டாள்.

டாக்டர் ஹாஸல்பிரிங்க் குனிந்து, அவள் தோளைத் தொட்டு, முதல் முகத்தையே போடலாம், அவசரமில்லை, மற்ற முகங்கள் போகப் போக வந்துவிடும் என்றார்.

அப்புறம் கூட்டு என்பதற்கு விதி சொன்னார்கள். பாதிக்கப்பட்ட சமூகத்திலிருந்து குறைந்தது ஒரு பிள்ளை, நினைவுகூரும் சமூகத்திலிருந்து நான்கு பிள்ளைகள், இந்த ஐவரும் சேர்ந்து வரைந்தால்தான் ஒரு சதுரம் கூட்டுச் சதுரமாகக் கணக்கில் வரும். நினைவுகூரும் சமூகத்திலிருந்து எண்பத்துநான்கு பிள்ளைகள் பேர் கொடுத்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஒன்பது பேர்தான். பதினான்கு சதுரத்துக்கும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும்போது எங்கள் பிள்ளைகள் ஒரு சதுரத்தில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு அடுத்த சதுரத்துக்கு ஓட வேண்டியிருந்தது. வைக்மான் கையில் பட்டியலோடு நின்று சரிபார்த்தார். முதல் நாள் ஒத்திகை முடிந்து ஸ்லாட்டாவின் அம்மா கூப்பிட வந்தபோது, இன்று என்ன செய்தாய் என்று கேட்டாள்.

"இன்னைக்கு அஞ்சு இடத்துல யூதரா இருந்தேம்மா. கால் வலிக்குது."

இருந்தாலும் பிள்ளைகள் நன்றாகவே பழகிவிட்டார்கள். ரிம்மா எல்லாரையும் நகர ஆவணக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனார். கும்ப்ரெக்டின் ஆட்டைப் பற்றிப் படித்தபோது எண்பத்துநான்கும் ஒன்பதும் சேர்ந்து சிரித்ததில் காப்பகத்துக்காரர் எழுந்து வந்தார். தீயணைப்புப் படைக்குத் தலைவராக இருந்த யூதர் ஒருவர் கிடைத்தார். ஆற்றில் நீச்சல் கற்றுக்கொடுத்தவர் கிடைத்தார். கடைசிப் பெட்டியில் ஷ்லோஸ் சகோதரிகள் கிடைத்தார்கள்.

அது ஒரு புகைப்படம். 1911 என்று பின்னால் எழுதியிருந்தது. சந்தைத் தெருவில் தங்கள் தொப்பிக் கடை வாசலில் மூன்று பெண்கள் நிற்கிறார்கள். ஜெட்டா, பாபெட்டா, ரிக்கா. மூன்று பேரும் சிரிக்கிறார்கள். நடுவில் நிற்கிற பாபெட்டாவின் முகம் கலங்கிப்போயிருக்கிறது. அந்தக் காலத்தில் படம் எடுக்க அசையாமல் நிற்க வேண்டும், அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. படத்தோடு ஒரு சின்ன அட்டையும் இருந்தது. மூவரும் 1942 ஏப்ரலில் இந்த ஊர் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே அனுப்பப்பட்டார்கள் என்று அதில் இருந்தது; கிழக்கே என்றால் கொலை முகாம். பிள்ளைகள் அட்டையையும் படித்தார்கள். பிறகு யொஹான்னா என்கிற பள்ளிக்காரச் சிறுமி, அந்த நடு அத்தைக்கு எதைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்கும் என்று கேட்டாள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கும்ப்ரெக்டின் ஆடு தெருவில் வந்திருக்கும் என்று முடிவாயிற்று.

அடுத்த மூன்று ஞாயிறும் எங்கள் கீழ்த்தளத்தில் சுருளை விரித்து மாதிரிப் படம் வரைந்தார்கள். ஷ்லோஸ் சகோதரிகளின் தொப்பிகள் செக்கச்செவேல் என்று இருந்தன. பாபெட்டாவுக்கு மட்டும் ஸ்லாட்டா மூன்று வாய் வரைந்தாள், அசைந்துகொண்டே இருப்பதால். இறகுகளை வரைந்தவர்கள் மட்டும் ஏழு பேர். கடைசிச் சதுரத்தில் எங்கள் ஆட்களையே வரைந்தார்கள். வந்த புதிதில் எங்களைத் தங்கவைத்த பழைய ராணுவக் குடியிருப்பில் முப்பது குடும்பத்துக்கு ஒரே சமையலறை, ஒரே அடுப்பில் ஐந்து பானை, யார் பானையை யார் நகர்த்தியது என்று சண்டை. அந்தச் சண்டையில் நானும் இருந்தேன். மூக்கை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன்.

மார்ச்சில் பரிசீலனைக் கூட்டம் நடந்தது. பரிசீலனைக் கூட்டங்கள் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆறு நடந்தன. எல்லாவற்றுக்கும் ரிம்மாவோடு நான் போனேன், மொழிக்காக.

முதல் இரண்டு கூட்டமும் ஆட்டுக்கே சரியாகிவிட்டன. ஆட்டைப் பற்றி ஒரு நிபுணர் முப்பத்தொரு பக்கத்தில் அறிக்கை கொடுத்திருந்தார். கொம்பு வைத்த பிராணிகளை யூதர்களோடு சேர்த்து வரைவது அந்தக் காலத்து வெறுப்புப் படங்களை நினைவூட்டும் என்பது சாரம். ரிம்மா, இது நிஜமான ஆடு, நகராட்சியின் சொந்த ஏட்டிலேயே இருக்கிறது என்றார். வைக்மான் அந்த உண்மையை மதிப்பதாகச் சொன்னார். கொம்பை எடுத்தார்கள். தாடியும் ஆபத்து என்று அதையும் எடுத்தார்கள். இரண்டும் போனபின் பார்த்தால் நாய் மாதிரி இருந்தது. நாய்க்குத் தனியாக அறிக்கை வாங்க வேண்டும் என்றார் டாக்டர் ஹாஸல்பிரிங்க். கடைசியில் சுவரின் முதல் சதுரத்தில் பாதி தின்ற முட்டைக்கோஸ் மட்டும் இருந்தது. யார் தின்றது என்று சுவர் சொல்லவில்லை.

அதோடு வண்ண வழிகாட்டியும் வந்தது. துயர வரலாற்றுக் கலைப்பணிகளில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் சாம்பல் நிறம் இருக்க வேண்டும். எங்கள் வாசலில் இருபத்திரண்டு டப்பா வந்து இறங்கியது. சாம்பலில் இத்தனை வகை இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். ரிம்மா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்து மூடினார். பிஸ்கட் டப்பாவுக்கு இந்த நிறத்தில் லேபிள் ஒட்டினால் ஆலையை மூடிவிட்டிருப்பார்கள் என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது கூட்டத்தில் ஷ்லோஸ் சகோதரிகள் வந்தார்கள்.

வைக்மான் மாதிரிப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தத் துக்க வீட்டுக் குரலில், இவர்கள் சிரிக்கிறார்களே என்றார். ரிம்மா புகைப்படத்தை எடுத்து வைத்து, ஆமாம், சிரித்தார்கள் என்றார்.

"மேடம், 1942-ல இவங்களுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார். ஆனா இந்தப் படம் 1911. அவங்களுக்கு இன்னும் தெரியாது."

"நமக்குத் தெரியுமே. தெரிஞ்சுக்கிட்டே அவங்களைச் சிரிக்க விடறது பொறுப்பான காரியமா?"

ரிம்மா என்னைப் பார்த்தார், நான் சரியாகத்தான் மொழிபெயர்க்கிறேனா என்று. சரியாகத்தான் செய்திருந்தேன். அவர் மேஜைமேல் விரலால் கணக்குப் போட்டார்.

"இன்னும் முப்பத்தோரு வருஷம் இருக்கு சார் அவங்களுக்கு. சிரிச்சுட்டுப் போகட்டுமே."

டாக்டர் ஹாஸல்பிரிங்க் நோட்டில் எதையோ எழுதினார். வைக்மான் கோபப்படவில்லை. அவர் எப்போதுமே கோபப்பட்டதில்லை, அதுதான் களைப்பாக இருக்கும். சிரிக்கிற முகத்தைப் பார்க்கிறவர்கள் எப்படி உணர வேண்டும் என்று தெரியாமல் குழம்பிப்போவார்கள் என்று பொறுமையாக விளக்கினார். "நாங்க நாற்பது வருஷமா இதைச் செய்யறோம் மேடம். யூதர்களை எப்படி நினைக்கணும்னு எங்கெங்கேயோ இருந்து வந்து எங்ககிட்ட கத்துக்கிட்டுப் போறாங்க. நீங்களும் தாராளமாக் கத்துக்கலாம்" என்றார்.

அதே கூட்டத்தில் சமையலறைச் சதுரமும் போயிற்று. ஐம்பது வருஷம் ஆகாத எதுவும் வரலாறு ஆகாது என்று வழிகாட்டியில் இருந்தது. நாங்கள் வந்து முப்பது வருஷம்தான்.

"அப்ப நாங்க யாரு?" என்று ரிம்மா கேட்டார். வாதத்துக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வைக்மான் கோப்பைப் புரட்டினார். "நீங்க குடியேறினவர் ஒருங்கிணைப்புத் துறை. அது மூணாவது மாடி."

கடைசிச் சதுரத்தைக் காலியாக விடுவது, இல்லாமையின் குறியீடு என்று கீழே ஒரு பலகை வைப்பது என்று தீர்மானம் ஆயிற்று.

வெளியே வந்து பேருந்துக்கு நின்றோம். நான், விட்டுவிடலாமே ரிம்மா, ராஜினாமா கடிதம் நானே எழுதித் தருகிறேன் என்றேன். விட்டுவிட்டால் எந்த ஓவியரையாவது வைத்து முடித்துவிடுவார்கள், அந்த மூன்று பேர் பக்கம் பேச ஒரு ஆளும் இருக்காது என்றார் ரிம்மா. ஸ்லாட்டா அவரிடம், அத்தை, அவங்களைச் சிரிக்க விடுவாங்களா என்று கேட்டிருக்கிறாள். பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

பேசிப் பார்த்தார். இன்னும் மூன்று கூட்டம். புகைப்படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுபோனார். காப்பகத்துக்காரரிடம் கடிதம் வாங்கிக் கொண்டுபோனார். ஒரு கூட்டத்தில் ஜெட்டாவைச் சிரிக்கவிட்டு மற்ற இருவரை யோசிக்கவிடலாமா என்றுகூடப் பேரம் பேசினார். அன்று பேருந்தில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. முடிவில் கிடைத்தது இதுதான்: மூவரும் தலைகுனிந்து நிற்பார்கள், உதடுகள் நேர்கோடாக இருக்கும், ஒரு தொப்பியில் மட்டும் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு அடக்கமான சிவப்பு அனுமதிக்கப்படும்.

மே மாதம் சுவரில் வேலை நடந்தது. எல்லாச் சதுரமும் முடிந்து ஷ்லோஸ் சகோதரிகளின் மூன்று வாய்கள்தான் பாக்கி. பள்ளிப் பிள்ளைகள் நால்வரும் தூரிகையை எடுக்கவில்லை. போட்டோவுல சிரிக்கிறாங்களே சார் என்று யொஹான்னா சொன்னாள், மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் வைக்மான் கோட்டைக் கழற்றிவிட்டுத் தானே வரைய ஏணியில் ஏறினார். ஏறிய பிறகுதான் விதி நினைவுக்கு வந்தது. பாதிக்கப்பட்ட சமூகத்தின் கை படாமல் சதுரம் செல்லாது. ஸ்லாட்டாவிடம் தூரிகையின் பின்முனையைத் தொட்டால் போதும் என்றார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மற்ற எட்டுப் பேரும் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டார்கள். ரிம்மா ஒரு வாளியைத் திருப்பிப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை.

வைக்மான் சுற்றிலும் பார்த்தார்.

"ஃபீமா சார், நீங்களும் அந்தச் சமூகம்தானே?"

வெயில் ஏறியிருந்தது. என் முழங்கால் காலையிலிருந்து வலித்துக்கொண்டிருந்தது. இது முடிந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். நான் போய்த் தூரிகையின் முனையைத் தொட்டேன். அவர் மூன்று கோடு போட்டார். நல்ல நேரான கோடுகள். திரும்பியபோது ஸ்லாட்டா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப்பின் ஒரு மாதம் அவள் எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

திறப்பு விழாவுக்குச் சனிக்கிழமை காலை பதினொரு மணி குறித்தார்கள். சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள், பிள்ளைகள் வர இயலாது, ஞாயிறு வைக்கலாமே என்று பதில் எழுதினேன். மற்ற நாள்களில் முக்கிய விருந்தினர்களுக்கு வசதிப்படாது, ஆனால் எங்கள் நிலைமையை மிகுந்த மரியாதையோடு கணக்கில் எடுத்துக்கொண்டதாக மறுபதில் வந்தது. எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று விழாவில்தான் தெரிந்தது. சபை சார்பில் ஒருவராவது வேண்டுமென்று என்னைப் போகச் சொன்னார்கள். ஓய்வுநாளில் வண்டி ஏறக் கூடாது, நடந்தே போனேன்.

சுவருக்கு முன்னால் ஒன்பது தாங்கிகள் நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் எங்கள் பிள்ளை ஒருவரின் பெயர்ச்சீட்டு, அதன்மேல் ஒரு காய்ந்த தூரிகை. மேயர் பேசினார்.

"அன்பார்ந்த நண்பர்களே, இந்த ஒன்பது தூரிகைகளைப் பாருங்கள். ஏந்துவதற்குக் கைகள் இல்லை. இந்த இல்லாமை நம்மோடு பேசுகிறது. யூதர்கள் இல்லாத லிண்டன்பாக் எவ்வளவு வெறுமையானது என்பதை இன்று நாம் உணர்கிறோம். அந்த வெறுமையை இவ்வளவு அழகாகப் பராமரித்துவரும் நமது அலுவலகத்துக்கு நன்றி சொல்கிறேன். வேறெந்த ஊரின் வெறுமையும் இந்தத் தரத்தில் இல்லை."

பலர் கண்ணைத் துடைத்தார்கள். அந்த ஒன்பது பேரும் முந்நூறு மீட்டர் தள்ளி சபை வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தபோது அவர்கள் மேஜையைத் தட்டிப் பாடுவது கேட்டது. வைக்மான் ஒலிபெருக்கிக்காரருக்குக் கை காட்டினார். அவர் மேயரின் சத்தத்தைக் கூட்டினார்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார். ரூபென் ஷ்லோஸ், எண்பத்தொரு வயது, கடல் கடந்து மொந்தேவிதேயோவில் வசிப்பவர். மூன்று சகோதரிகளும் அவருடைய தகப்பனாருக்கு அத்தைகள். அலுவலகம் தேடிப்பிடித்து அழைத்து வந்திருந்தது. ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் பக்கத்தில் உட்காரவைத்திருந்தது. அவரை மேடைக்கு அழைத்து, இரண்டு நிமிஷம், மனத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லும்படி வைக்மான் கேட்டுக்கொண்டார்.

பெரியவர் ஒலிவாங்கிக்குப் போகாமல் நேரே சுவருக்குப் போனார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்தச் சதுரத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, இந்த ஊர்க்காரர்களே இப்போது பேச வெட்கப்படுகிற, சந்தைத் தெருவின் பழைய பேச்சில் பேசினார். தகப்பனாரிடமிருந்து கற்றது. மொழிபெயர்ப்பாளருக்கு வேலையில்லாமல் போகவே, அவர் அதைப் புத்தக ஜெர்மனில் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார்.

"இவுக யாருன்னு எனக்குத் தெரியலையே" என்றார் பெரியவர். "எங்க அய்யா சொல்லுவாக, பாபெட்டா அத்தைய எழவு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது, சிரிச்சிருமாம். இவுக சத்தம் தாங்காம எதுத்த மருந்துக்கடைக்காரர் சன்னலைச் சாத்துவாராம். எங்க அய்யா ஊரை விட்டுப் போறப்ப மூணு பேரும் ரயிலடிக்கு வந்திருக்காக. ரிக்கா அத்தை தொப்பி காத்துல பறந்து தண்டவாளத்துல விழுந்திருச்சு. மூணு பேரும் அழுதுக்கிட்டே சிரிச்சிருக்காக. எங்க அய்யா கையில வேற ஒண்ணும் கொண்டுபோகலை, அந்தச் சிரிப்பைத்தான் கொண்டுபோனாக. இந்தக் குனிஞ்ச தலைக்காரிகள எனக்குத் தெரியாதுய்யா."

பிறகு பெரிய கைதட்டல். டாக்டர் ஹாஸல்பிரிங்க் ஓடிவந்து அவர் கையில் காகிதக் கைக்குட்டையைத் திணித்தார். வைக்மான் ஒலிவாங்கியில், தங்கள் வலியை எங்களோடு பகிர்ந்துகொண்டதற்கு நன்றி என்றார். பெரியவர் கைக்குட்டையை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சிற்றுண்டி நேரத்தில் அவர் தனியாக நின்றார். நான் போய் யாரென்று சொன்னேன். இதை வரைந்த பிள்ளைகள் எங்கே, இறந்துவிட்டார்களா, எல்லாரும் அழுகிறார்களே என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். கூட்டிப்போகச் சொன்னார்.

சபை வீட்டில் ரிம்மா அவருக்குத் தட்டு வைத்தார். சாப்பிட்டு முடித்தபின் கீழ்த்தளத்துக்குப் போய் பிள்ளைகள் சுருளை அவிழ்த்து விரித்தார்கள். ஆடு போயிற்று, நீச்சல்காரர் போனார், செக்கச்செவேல் என்று தொப்பிகள் வந்தன. ரூபென் ஷ்லோஸ் பிள்ளைகளின் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டார். மூன்று வாய் வைத்த பாபெட்டாவைப் பார்த்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது, அப்புறம் தோள் குலுங்கியது, அப்புறம் அந்தக் கொதிகலன் அறையே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. பிள்ளைகள் பயந்து ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அவர்களும் ஆரம்பித்தார்கள். அடங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"தாத்தா, அவங்க இப்படித்தான் சிரிப்பாங்களா?" என்று ஸ்லாட்டா கேட்டாள்.

"இதெல்லாம் பத்தாதும்மா. இன்னும் சத்தமா."

ரிம்மா சுவரோரம் நின்று கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிறு வகுப்புக்கும் பெரியவர் வந்தார். சுருளில் சகோதரிகள் இருந்த பகுதியை அவருக்கே கொடுத்துவிடலாமா என்று பிள்ளைகள் வாக்கெடுத்தார்கள். எட்டுக்கு ஒன்று. எதிர்த்தவன் இறகுகளில் முக்கால்வாசி தன்னுடையது என்றான், பிறகு அவனும் ஒத்துக்கொண்டான். சுருளை வெட்ட யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஸ்லாட்டா நிமிர்ந்து பார்த்து, "ஃபீமா மாமா, அந்த முனையை நீங்க பிடிங்க" என்றாள். பிடித்தேன். கோணாமல் பிடித்தேன்.

நூலகச் சுவருக்கு இலையுதிர் காலத்தில் ஒரு விருது கிடைத்தது. காலியாக விட்ட கடைசிச் சதுரத்தை நடுவர்கள் தனியாகப் பாராட்டியிருந்தார்கள். அதே வாரம் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மாதிரிப் படங்கள் எல்லாம் திட்டத்தின் ஆவணங்கள், காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும், பன்னிரண்டாவது படமான ஷ்லோஸ் சகோதரிகளைக் காணவில்லை, காரணம் குறிப்பிட்டுக் கையெழுத்திடவும். கூட ஒரு படிவம் இருந்தது. காரணத்துக்கு மூன்று கட்டங்கள். தொலைந்தது, சேதமடைந்தது, அழிக்கப்பட்டது.

கீழே எடுத்துப் போனேன். பிள்ளைகள் வர இன்னும் நேரம் இருந்தது. ரிம்மா புதுச் சுருளை விரித்து, நான்கு மூலையிலும் பெயின்ட் டப்பாவைப் பாரம் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் அந்தச் சாம்பல் டப்பாக்கள், அதற்கு நன்றாகவே உதவின. படிவத்தை முழங்காலில் வைத்துப் படித்தார். மூன்றில் எதைப் போடுவது என்று நான் கேட்டேன். அவர் பென்சில் பெட்டியிலிருந்து அளவுகோலை எடுத்தார். மூன்றாவது கட்டத்துக்குக் கீழே, அதே அளவில், இருபது வருஷம் லேபிள் போட்ட கையால், அச்சிட்டதுபோல இன்னொரு கட்டம் வரைந்தார். பக்கத்தில் 'தன் வீட்டுக்குப் போய்விட்டது' என்று எழுதினார். கட்டத்துக்குள் குறி போட்டு, கையெழுத்தும் போட்டு என்னிடம் நீட்டினார்.

"இப்படி ஒரு கட்டம் அவங்க படிவத்துலயே இல்லையே ரிம்மா."

"இப்ப இருக்குல்ல" என்றார். "தபால்ல போடு."